பரணில் ஏறியது ஏன் இறங்குவதில்லை?

வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் வந்தால்தான் எங்கள் வீட்டுப் பரணுக்கு விடிவு. போன முறை அடித்து 11 வருடம் ஆகிறது. இந்த முறை நான் ஏணியில் ஏறி எடுத்துக் கொடுக்க, அம்மா கீழே முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாங்கி வைத்தார். முதலில் இறங்கியது ஒரு டிவிப் பெட்டி. வெறும் அட்டைப்பெட்டிதான், டிவியை விற்று ஏழெட்டு வருடம் இருக்கும். பெட்டிக்குள் தெர்மகோல். தெர்மகோலுக்கு நடுவில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் மடித்து வைத்த 14 தாம்பூலப் பைகள். எல்லாம் உறவுக்காரக் கல்யாணங்களில் தேங்காய் போட்டுக் கொடுத்தவை, மணமக்கள் பெயரோடு. அதில் ஒரு ஜோடியின் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

அடுத்து, மோட்டார் புகைந்துபோன மிக்ஸியின் மூன்று ஜார்கள்.

"இதப் போட்டுடலாமாம்மா?"

"எத?"

"ஜாரத்தான். மிக்ஸியே இல்லையே."

அம்மா ஒரு ஜாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பிளேடு நல்லாத்தானடா இருக்கு. இருக்கட்டும், எதுக்காவது ஆகும்."

பரண்கள் நிரம்புவது இந்த 'இருக்கட்டும்' என்ற சொல்லால்தான். அதில் 'வேண்டும்' என்பதும் கிடையாது, 'வேண்டாம்' என்பதும் கிடையாது. முடிவெடுப்பதைத் தள்ளிப்போடத் தமிழில் இதைவிடக் கச்சிதமான சொல்லை நான் பார்த்ததில்லை.

அம்மாவைக் கேலி செய்யும் தகுதி எனக்கில்லை. அடுத்து இறங்கிய ஷூ பெட்டி என்னுடையது. எதனோடு வந்தது என்றே தெரியாத ஆறு சார்ஜர்கள், ஒரு சிடி டிரைவ், வாரன்ட்டி முடிந்த ரசீதுகள், நான்கு பழைய கைபேசிகள். ஒரு கைபேசியின் பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மணி நேர வேலை என்று ஆரம்பித்தது மாலை வரை போயிற்று. தூக்கி இறக்கியதில் அத்தனை களைப்பு வராது. ஒவ்வொரு சாமானையும் கையில் வைத்துக்கொண்டு 'இதை என்ன பண்ணுவது' என்று யோசித்த களைப்பு அது. இந்த யோசனையில் மூளை எங்கே இடறுகிறது என்பதை உளவியல்காரர்களும் பொருளாதாரக்காரர்களும் பல வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டைப் பற்றி நினைக்காமலேயே கணினிக்காரர்களும் இதில் ஒரு நல்ல விடையைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

சாமான் சேர்ந்துவிட்டது என்று தோன்றியதும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? இன்னொரு அலமாரி வாங்குகிறோம். நான்கு அடுக்கு பிளாஸ்டிக் டிராயர், கட்டிலுக்கு அடியில் தள்ளிவைக்கும் பெட்டி, கதவுக்குப் பின்னால் தொங்கவிடும் பை. நானே இப்படி இரண்டு டிராயர் வாங்கியிருக்கிறேன். அவற்றுக்கு இடம் போதாமல் ஒன்று பரணுக்குப் போனது. இந்தப் பழக்கத்தை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேப்ரியல் ஆடம்ஸ், லைடி க்ளாட்ஸ் உள்ளிட்ட நால்வர் சோதித்துப் பார்த்து 2021-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். க்ளாட்ஸுக்கு இந்த எண்ணம் உறைத்தது வீட்டில்தான். மூன்று வயது மகனோடு உட்கார்ந்து லெகோ கட்டைகளில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தூண் உயரம், ஒரு தூண் குட்டை. குட்டைத் தூணில் வைக்க ஒரு கட்டை எடுக்கலாம் என்று அவர் திரும்பிய நேரத்தில், பையன் உயரமான தூணிலிருந்து ஒரு கட்டையை உருவிவிட்டான். பாலம் சமமாகிவிட்டது.

பிறகு பெரியவர்களை வைத்து முறையாகச் சோதித்தார்கள். ஒரு லெகோ கட்டடம். அதன் கூரை ஒரு மூலையில் ஒரே ஒரு கட்டையின் மேல் நிற்கிறது. கூரைமேல் செங்கல் வைத்தாலும் கீழே நிற்கும் பொம்மையின் தலையில் சரியாதபடி அதைப் பலப்படுத்த வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு டாலர் பரிசு. புதிதாக வைக்கும் ஒவ்வொரு கட்டைக்கும் 10 சென்ட் பிடித்தம். அந்த ஒற்றைக் கட்டையை எடுத்துவிட்டால் கூரை கீழே இருக்கும் பகுதியில் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், காசும் மிச்சம். அப்படி எடுத்தவர்கள் 41 சதவீதம் பேர்தான். இன்னொரு குழுவிடம் 'கட்டையை எடுக்கக் காசு இல்லை' என்று ஒரு வரி கூடுதலாகச் சொன்னார்கள். எடுத்தவர்கள் 61 சதவீதமாக உயர்ந்தார்கள். எடுப்பது யாருக்கும் கஷ்டமான வேலையாக இருக்கவில்லை. ஆனால் யாராவது ஞாபகப்படுத்தினால் ஒழிய அது பலருக்குத் தோன்றவே இல்லை.

சாமானை ஒழுங்குபடுத்தச் சாமான் விற்கும் கடைகள் பிழைப்பது இந்த மறதியை நம்பித்தான் என்பது என் கட்சி.

இந்த இடத்தில் யாராவது என்ட்ரோபியை இழுத்துக்கொண்டு வருவார்கள். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிப்படி ஒழுங்கு குலைவது இயற்கை, வீடும் அப்படித்தான் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வாயு மூலக்கூறுகள் தாமாகவே ஓடியாடிக்கொண்டிருப்பவை. மிக்ஸி ஜார் அப்படி இல்லை. யாரோ ஒருவர் ஏணி போட்டு அதை மேலே வைத்தார். வீட்டுக் குப்பைக்கு இயற்பியல்மேல் பழி போடுவது நியாயமில்லை.

வைத்தவர் ஏன் எறியவில்லை என்று கேட்டால் பதில் ஒரு காபிக் குவளையில் இருக்கிறது. கனடாவின் பொருளாதார அறிஞர் ஜாக் நெட்ச் 1989-ல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களில் ஒரு குழுவுக்கு ஆளுக்கொரு காபிக் குவளை கொடுத்தார். இன்னொரு குழுவுக்கு ஆளுக்கொரு பெரிய சுவிஸ் சாக்லேட். கொஞ்ச நேரம் கழித்து, 'வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம்' என்றார். குவளை கிடைத்தவர்களில் 89 சதவீதம் பேர் குவளையே போதும் என்றார்கள். சாக்லேட் கிடைத்தவர்களில் 90 சதவீதம் பேர் சாக்லேட்டை விடவில்லை. முன்கூட்டி எதுவும் கொடுக்காமல் 'எது வேண்டும்' என்று கேட்ட மூன்றாவது குழு ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்தது. குவளைக்கும் சாக்லேட்டுக்கும் அப்படியொன்றும் பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. கைக்கு வந்து சில நிமிடம் ஆனதுதான் அதன் மதிப்பைக் கூட்டியது. மறு வருடம் டேனியல் கானிமன், ரிச்சர்ட் தேலர் இருவரோடு சேர்ந்து நெட்ச் இதற்கு விலையும் போட்டுப் பார்த்தார். குவளையை விற்கச் சொன்னால் கேட்ட விலை, அதே குவளையை வாங்க மற்றவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. கானிமனுக்கு 2002-லும் தேலருக்கு 2017-லும் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

சில நிமிடத்தில் இந்தப் பாடு என்றால், பதினைந்து வருடம் சட்னி அரைத்த ஜார் என்ன பாடு படுத்தும்!

இந்தச் சோதனையிலிருந்து வீட்டுக்கு ஒரு உபாயம் கிடைக்கிறது. 'இதைத் தூக்கிப் போடலாமா' என்று கேட்டால் நாம் விற்பவரின் நாற்காலியில் உட்கார்ந்து மதிப்பை ஏற்றிச் சொல்வோம். 'இது நம்மிடம் இல்லை, கடையில் இருக்கிறது, இன்றைக்கு என்ன விலை கொடுத்து வாங்குவேன்' என்று கேட்டால் நாற்காலி மாறிவிடும். ஷூ பெட்டியில் இருந்த ஆறு சார்ஜருக்கும் சேர்த்து நான் பத்து ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். கேள்வியை மாற்றியதும் ஒரு நிமிடத்தில் முடிவு வந்தது.

எல்லாச் சாமானுக்கும் இது பலிக்காது. அன்று இறங்கியவற்றில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. பிடி ஒரு பக்கம் கழன்றிருந்தது, அடி சப்பையாகியிருந்தது. தூக்கின் தோளில் புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயர், அதன்கீழ் ஒரு தேதி. அந்தக் காலத்தில் பாத்திரக் கடை வாசலில் ஒருவர் உட்கார்ந்து சின்ன உளியாலும் சுத்தியலாலும் டிக் டிக்கென்று தட்டிப் பேர் வெட்டுவார். பிறகு மின்சாரக் கருவி வந்து எழுத்து கோடு கோடாக மாறிவிட்டது. புள்ளி எழுத்தா, கோட்டெழுத்தா என்று பார்த்தே பாத்திரத்தின் வயதை ஒருவாறு சொல்லிவிடலாம். கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று ஒவ்வொரு விசேஷத்துக்கும் பேர் வெட்டிய பாத்திரம் வந்தது. திருடு போனால் அடையாளம் காட்டவும், விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்கவும்தான் பேர் வெட்டினார்கள். ஆனால் அதே எழுத்து, பாத்திரத்தைப் பழைய விலைக்குப் போட முடியாதபடியும் செய்துவிட்டது. பாட்டி பேரைப் பாத்திரக் கடைத் தராசில் வைக்க யாருக்கு மனசு வரும்?

நம் உடைமைகளை 'நான்' என்பதன் நீட்சியாகவே மனம் எடுத்துக்கொள்கிறது என்று நுகர்வோர் ஆய்வாளர் ரஸல் பெல்க் 1988-ல் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அந்தத் துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படும் கட்டுரை அது. இதை ஒட்டி அமெரிக்கக் கல்லூரி விடுதிகளில் நடந்த ஓர் ஆய்வு 2017-ல் வெளிவந்தது. செமஸ்டர் முடிந்து அறையைக் காலி செய்யும் மாணவர்களிடம் பழைய சாமான்களைத் தானம் கேட்டார்கள். சில விடுதிகளில் 'சேகரித்து வைத்துக் கொடுங்கள்' என்று வழக்கமான அறிவிப்பு. மற்றவற்றில் 'மனசுக்கு நெருக்கமான பொருளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பொருளைக் கொடுங்கள்' என்ற அறிவிப்பு. முதல் வகையில் 533 பொருள்கள் வந்தன, இரண்டாவதில் 613. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. ஆனாலும் ஒரு அறிவிப்பின் வாசகத்தை மாற்றியதற்கு இது நல்ல பலன்தான். நினைவு பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் நாம் அஞ்சுகிறோம், படம் இருந்தால் அந்த அச்சம் கொஞ்சம் விலகுகிறது.

பாட்டியின் தூக்கைப் படம் எடுத்தேன். தூக்கையும் கொடுக்கவில்லை. ஆய்வு முடிவுகள் சராசரி மனிதர்களைப் பற்றியவை. என்னைப் பற்றி அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சொந்தப் பொருள் என்றால் மூளை வேறு மாதிரி வேலை செய்கிறதா என்பதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். டேவிட் டோலின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வு இது. சாமான் சேர்க்கும் நோய் உள்ள 43 பேர், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி) உள்ள 31 பேர், நலமாக இருக்கும் 33 பேர். எல்லோரும் வீட்டிலிருந்து தங்களுக்கு வந்த பழைய கடிதம், விளம்பரத் தாள் போன்றவற்றைக் கொண்டுவர வேண்டும். ஸ்கேன் கருவிக்குள் படுத்துக்கொண்டு, திரையில் தெரியும் ஒவ்வொரு தாளையும் வைத்துக்கொள்வதா, கிழிப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். கிழிக்கச் சொன்னால் நிஜமாகவே கிழித்துவிடுவார்கள். நடுநடுவே மற்றவர்களின் தாள்களும் வரும். நோய் உள்ளவர்களுக்கு, பிறர் தாளைப் பார்க்கும்போது மூளையின் முன் சிங்குலேட் புறணியும் இன்சுலாவும் மற்றவர்களைவிட மந்தமாக இருந்தன. சொந்தத் தாள் வந்ததும் அதே பகுதிகள் மிதமிஞ்சிக் கிளர்ந்தன. ஒரு விஷயம் முக்கியமா இல்லையா, தப்பு செய்கிறோமா என்று எடைபோடுவதில் பங்குள்ள பகுதிகள் இவை. நமக்குக் குப்பையாகத் தெரியும் மளிகைக் கடை நோட்டீஸ், அவருக்குக் கையைச் சுடும் தீர்மானமாக இருக்கிறது.

சாமான் சேர்க்கும் நோயை அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-ல் தன் ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்தது. கட்டிலில் படுக்க இடமில்லை, அடுப்பில் சமைக்க முடியவில்லை, எதையாவது எடுத்தால் தாங்க முடியாத பதற்றம் என்ற நிலை அது. மருத்துவர்கள் ஒன்பது புகைப்படங்களைக் காட்டி 'உங்கள் அறை எதைப்போல் இருக்கிறது' என்று கேட்பது உண்டு. ஒன்று என்றால் சுத்தம், ஒன்பது என்றால் கூரை வரை குவியல். நான்கைத் தொட்டால் உதவி தேவைப்படலாம் என்று கணக்கு. நம் ஊரில் இப்படிப்பட்ட பெரியவர்களைக் 'கஞ்சம்' என்றோ 'சோம்பேறி' என்றோ சொல்லி, அவர் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து வீட்டைக் காலி செய்துவிடுகிறார்கள். அது மிகத் தவறு. திரும்பி வந்து பார்க்கும் அவருக்கு அது பெரிய அதிர்ச்சி. நம்பிக்கை போய்விடும், சாமானும் மறுபடி சேரும். அவரோடு உட்கார்ந்து, அவர் கையாலேயே, கொஞ்சம் கொஞ்சமாக முடிவெடுக்கப் பழக்குவதுதான் சிகிச்சையின் அடிப்படை.

எங்கள் வீடு அந்த ஒன்பது படத்தில் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வரும். இந்த அளவு குவியல் ஆளை என்ன செய்கிறது?

முதலில் கண். பார்வைப் புலத்தில் பல பொருள்கள் ஒரே நேரத்தில் இருந்தால், மூளையின் பார்வைப் பகுதியில் அவை ஒன்றையொன்று அமுக்கப் பார்க்கின்றன. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சபீன் காஸ்ட்னர் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்துவருபவர். அவரும் ஸ்டெஃபனி மெக்மேன்ஸும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டுக் குப்பையைப் பற்றிய எல்லா எழுத்துகளிலும் தலைகாட்டும். மேசை கலைந்திருந்தால் கவனம் சிதறும் என்று அவர்கள் நிரூபித்ததாக எழுதுவார்கள். அவர்கள் காட்டியவை திரையில் தெரியும் எளிய வடிவங்கள். மேசையும் இல்லை, துணி குவிந்த நாற்காலியும் இல்லை. கண்முன் போட்டியிடும் பொருள் கூடக்கூட, வேண்டிய ஒன்றைப் பிரித்தெடுக்க மூளை கூடுதலாக உழைக்கிறது என்ற அளவுக்கு எடுத்துக்கொண்டால் போதும். சாவியைத் தேடிக் களைத்தவர்களுக்கு அதுவே போதிய செய்தி.

அதைவிடச் சுவாரசியமானது லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த வேலை. 2000-களின் தொடக்கத்தில் அங்குள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் 32 குடும்பங்களின் வீடுகளுக்குள் போய், தொல்லியல் அகழாய்வு செய்வதுபோல் ஒவ்வொரு பொருளையும் எண்ணினார்கள். முதல் வீட்டில் இரண்டு படுக்கையறை, ஒரு வரவேற்பறை. கண்ணுக்குத் தெரிந்தவை மட்டும் 2,260 பொருள்கள். டிராயருக்குள், பெட்டிக்குள் இருந்தவை கணக்கிலேயே வரவில்லை. நான்கில் மூன்று குடும்பங்கள் கார் நிறுத்தும் கொட்டகையைச் சாமான் அறையாக்கிவிட்டு, காரை வெளியே நிறுத்தியிருந்தன. அவர்களுக்குக் கொட்டகை, நமக்குப் பரண்.

அதே ஆய்வுத் திட்டத்தில் டார்பி சாக்ஸ்பி, ரீனா ரெபெட்டி இருவரும் 30 தம்பதிகளிடம் வீடியோ கேமராவைக் கொடுத்து, தங்கள் வீட்டைச் சுற்றிக் காட்டிப் பேசச் சொன்னார்கள். பேச்சில் 'குப்பை', 'முடியாத வேலை' போன்ற சொற்கள் எத்தனை, 'நிம்மதி', 'தோட்டம்' போன்ற சொற்கள் எத்தனை என்று எண்ணினார்கள். மூன்று நாள், தினமும் பல முறை அவர்களின் உமிழ்நீரை எடுத்து அதில் கார்ட்டிசால் அளந்தார்கள். கார்ட்டிசால் மன அழுத்தத்தோடு தொடர்புள்ள சுரப்புநீர். காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது சாயச் சாய இறங்குவது அதன் இயல்பு. வீட்டைப் பற்றிக் குப்பை, வேலை என்று அலுத்துக்கொண்ட மனைவிகளுக்கு அந்த இறக்கம் சரியாக நடக்கவில்லை. கோடு தட்டையாகப் போனது. மாலையில் மனச்சோர்வும் கூடியிருந்தது. கணவர்களிடம் இந்தத் தொடர்பு தெரியவில்லை.

குப்பையால் சோர்வா, சோர்ந்தவர் கண்ணுக்குக் குப்பை பெரிதாகத் தெரிகிறதா என்பதை இந்த ஆய்வால் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனால் கணவர்களின் விஷயம் எனக்கு ஆச்சரியமாக இல்லை. கூடத்து நாற்காலியில் குவிந்த துணி, அதை மடிக்கப்போகிறவர் கண்ணில்தான் வேலையாகத் தெரியும். மற்றவருக்கு அது வெறும் நாற்காலி.

சரி, எதை எங்கே வைப்பது? இங்கேதான் கணினிக்காரர்கள் வருகிறார்கள். கணினியில் மிக வேகமான நினைவகம் சிறியது, விலை அதிகம். பெரிய நினைவகம் மெதுவானது. ஆகவே அடிக்கடி வேண்டியதைச் சிறியதில் வைத்துக்கொண்டு மற்றதைத் தூரத்தில் வைக்க வேண்டும். சிறியது நிரம்பிவிட்டால் எதை வெளியே தள்ளுவது? ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹங்கேரிக்காரர் லாஸ்லோ பெலாடி 1966-ல் பதில் சொன்னார்: எது மறுபடி தேவைப்பட மிக அதிக காலம் ஆகுமோ அதைத் தள்ளு. இதைவிடச் சிறந்த வழி கிடையாது. சிக்கல் என்னவென்றால் அதற்கு ஜோசியம் தெரிந்திருக்க வேண்டும். ஜோசியம் தெரியாதவர்கள் அடுத்தபடியாகச் செய்யக்கூடியது, எதைத் தொட்டு மிக அதிக நாள் ஆயிற்றோ அதைத் தள்ளுவது. நடைமுறையில் இது வெகு நன்றாக வேலை செய்கிறது. இன்று எடுத்ததை நாளையும் எடுப்போம் என்பது கணினிக்கும் பொருந்துகிறது, நமக்கும் பொருந்துகிறது.

நம் சமையலறையில் இது எப்போதோ வந்துவிட்டது. அஞ்சறைப்பெட்டியைப் பாருங்கள். கடுகு, உளுந்து, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள். எண்ணெய் காய்ந்தபின் டப்பா டப்பாவாகத் திறந்துகொண்டிருக்க முடியாது. தாளிப்புக்கு இருப்பது சில நொடிகள். அடிக்கடி வேண்டியது கைக்கு எட்டும் தூரத்தில், கொஞ்சமே கொஞ்சம். தீர்ந்தால் அலமாரியில் உள்ள பெரிய டப்பாவிலிருந்து நிரப்பிக்கொள்வோம். அலமாரியில் தீர்ந்தால் மளிகைக் கடை. மூன்று அடுக்கு நினைவகம். அஞ்சறைப்பெட்டியின் பெரிய சிறப்பு, அதில் கிண்ணத்துக்கு மேல் கிண்ணம் வைக்க முடியாது. புதிதாக ஓமம் போட வேண்டுமென்றால் ஏதாவது ஒன்றைக் கொட்டித்தான் ஆக வேண்டும். 'இருக்கட்டும்' என்று சொல்ல அங்கே இடமில்லை. பரணில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. பின்னால் தள்ளிக்கொண்டே போகலாம். மிக்ஸி ஜாருக்கும் அம்மாவுக்கும் நடுவே அஞ்சறைப்பெட்டியின் மூடி போன்ற ஒன்று இருந்திருந்தால் 11 வருடத்துக்கு முன்பே முடிவு எடுத்திருப்போம்.

காகிதங்களுக்கு இதே கணக்கை ஜப்பானியப் பொருளாதார அறிஞர் யுகியோ நொகுச்சி 1993-ல் எழுதிய புத்தகத்தில் சொன்னார். வரி, வங்கி, ஆஸ்பத்திரி என்று தலைப்பு வாரியாகப் பிரிக்கவே வேண்டாம். ஒவ்வொரு விஷயத்தையும் ஒரு பெரிய உறையில் போட்டு அலமாரியில் வரிசையாக நிறுத்துங்கள். எதை எடுத்தாலும் திருப்பி வைக்கும்போது இடது ஓரத்தில் வையுங்கள். சில மாதத்தில் புழங்கும் உறைகள் தாமாக இடப்பக்கம் சேர்ந்துவிடும், யாரும் தொடாதவை வலப்பக்கம் ஒதுங்கிவிடும். கழிக்க வேண்டுமானால் வலது ஓரத்திலிருந்து ஆரம்பிக்கலாம். இந்த உத்திக்கு ஏற்கெனவே கணித ஆதாரம் இருந்தது. டேனியல் ஸ்லீட்டரும் ராபர்ட் டார்ஜனும் 1985-ல் காட்டியது: எடுத்ததை முன்னால் வைப்பது என்ற இந்த ஒரே விதியைப் பின்பற்றினால், எதிர்காலம் முழுக்கத் தெரிந்த ஒருவர் அடுக்கி வைத்துத் தேடும் உழைப்பைப்போல் அதிகபட்சம் இரண்டு மடங்குதான் உங்களுக்கு ஆகும். ஜோசியம் தெரியாமலே இவ்வளவு கிடைக்கிறது என்றால் பெரிய விஷயம். மேசையில் காகிதத்தைக் குவித்து வைப்பவர்களும் அறியாமல் இதைத்தான் செய்கிறார்கள். கடைசியாகத் தொட்டது மேலே இருக்கும். அந்தக் குவியலைக் குறை சொல்லும் மேலாளர்கள் டார்ஜனைப் படிக்கலாம்.

பரண் விஷயத்தில் மனசைத் தவிர உடம்புக்கும் பங்கு உண்டு. கரப்பானுக்கு வயிற்றிலும் முதுகிலும் இரண்டு பக்கமும் எதுவாவது உரசிக்கொண்டிருந்தால்தான் பத்திரமாக இருக்கும் உணர்வு. அட்டைப்பெட்டியின் நெளிவுகளும் அடுக்கிய தாள்களின் இடுக்கும் அதற்கு அரண்மனை. இராமபாணப் பூச்சி அந்த அட்டையில் ஒட்டிய பசையையும் மாவுப்பொருளையும் தின்றே வாழும். தூசுப் பூச்சிகள் தண்ணீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன. கடலோர ஊர்களில் அதற்குப் பஞ்சமில்லை. தூசுப் பூச்சியின் கழிவும் கரப்பானின் எச்சமும் பலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பிவிடும். அன்று டிவிப் பெட்டியைத் திறந்ததிலிருந்து மறுநாள் வரை நான் தும்மிக்கொண்டிருந்தேன்.

பரணைக் காலி செய்ய நம்மிடம் ஒரு பண்டிகையே இருக்கிறது. மார்கழியின் கடைசி நாளில் வரும் போகி. பாயும் கூடையும் முறமும் ஓலையும் எரிந்த காலத்தில் அது பொருத்தமான ஏற்பாடு. எரிந்தது சாம்பலாகி மண்ணுக்குப் போனது. இன்றைக்குக் கூடவே போவது டயர், பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்சின், ஒயர். பிவிசி எரிந்தால் டயாக்சின் உண்டாகும். அதற்கு மேல், ஜனவரி அதிகாலையில் தரையையொட்டிய காற்று குளிர்ந்தும் மேலே உள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருப்பதால் புகை மேலே போக வழியில்லாமல் மூடி போட்டதுபோல் தங்கிவிடும். 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதையை மறைக்க, விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. தெருவில் 'பழைய பேப்பர், இரும்பு, பிளாஸ்டிக்' என்று குரல் கொடுத்துக்கொண்டு வண்டி தள்ளி வருபவர் போகிக்கு எவ்வளவோ மேல். எங்கள் வீட்டிலிருந்து அன்று அவருக்கு 23 கிலோ போயிற்று. டிவிப் பெட்டிக்கு அம்மா தனியாக விலை பேசினார்.

இனி அந்தக் கைபேசி. பின்மூடி தூக்கியிருந்ததற்குக் காரணம், உள்ளே இருந்த லித்தியம் அயனி பேட்டரி உப்பியதுதான். பேட்டரிக்குள் இருக்கும் கரைசல் நாளாக ஆகச் சிதைந்து வாயுவை விடும். அதன் மெல்லிய உறைக்குள்ளிருந்து வாயு வெளியே போக வழியில்லாததால் பேட்டரி தலையணைபோல் புடைக்கும். வெப்பம் இந்தச் சிதைவை விரைவுபடுத்தும். மொட்டை மாடிக்கு நேர்கீழே இருக்கும் பரண்தான் மே மாதத்தில் வீட்டின் மிகச் சூடான இடம். பழைய கைபேசியைப் பத்திரமாக வைப்பதாக நினைத்து அங்கேதான் ஏற்றி வைக்கிறோம். உப்பிய பேட்டரியை அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கலாம். சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. குப்பைத்தொட்டியில் போட்டால் குப்பை லாரி அதை நசுக்கும்போது தீப்பிடிக்க வாய்ப்புண்டு. 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய கைபேசிகளை முறையாக மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்தால் போதும். நான் அப்படித்தான் கொடுத்துவிட்டு வந்தேன்.

மிக்ஸி ஜார் மூன்றும் பெயின்ட் காய்ந்ததும் பரணுக்குத் திரும்பிவிட்டன. அவை இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கைபேசி ஏதாவது இருந்தால், அதை மட்டும் இன்றைக்கே இறக்கிப் பின்பக்கத்தை மெல்லத் தடவிப் பாருங்கள்.